என் கடை விலாசத்தில் அடுத்தவர் செருப்பு

செருப்புக் கடைக்காரிக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்தாலும் கால் மறக்காது. அதியமான்கோட்டையில் ஹைவேஸை ஒட்டிக் கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலவே கடை வைத்து நொந்தவர்கள் இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். தை பிறந்தால் அக்ரிமெண்ட் முடிகிறது, இருக்கிறீர்களா காலி செய்கிறீர்களா என்று கட்டட ஓனர் மாதேஷ் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். என் இஷ்டம் என்னவென்றுதான் எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் போனில் வாங்க ஆரம்பித்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்காவது ஏதாவது புரிகிறதா பாருங்கள்.

அளவு மட்டும்

ஒரு டீச்சர் வந்தார். அலமாரியில் பாதியை இறக்க வைத்தார். போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், நின்றார், வாசல்வரை நடந்து பார்த்தார். கடைசியில் ஒரு ஜோடி பிடித்துப்போனது. நான் கவரைத் தேடுவதற்குள், செருப்பின் அடியிலிருந்த மாடல் நம்பரைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினார். “எடுத்துக்கலீங்களா டீச்சர்?” என்றேன். அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபப்படவும் வழி தெரியவில்லை.

“உங்க கடைல போட்டுப் பாத்தாத்தாங்க்கா தைரியமா ஆர்டர் போட முடியுது.”

கையால் கொடுத்தவள்

பகலில் இங்கே பாதி வீடுகள் பூட்டியிருக்கும். பார்சல்காரர் போன் செய்தால், காட்டு வேலையிலோ கம்பெனியிலோ இருப்பவர்கள் “செருப்புக் கடை அக்காகிட்ட குடுத்துடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். பிறகு விலாசத்திலேயே என் கடையை எழுத ஆரம்பித்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் சரக்கு இருந்த கீழ்த்தட்டில் இப்போது ஊரார் பார்சல்.

பார்சல் மேலே ஏறாத வத்தல்மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, தன் பார்சலை என் எதிரிலேயே பிரித்தார். உள்ளே செருப்பு. காலில் ஏறவில்லை. வேறு சைஸ் கொடு என்று என்னிடம் நீட்டினார். இது என் சரக்கு இல்லை, கம்பெனி எங்கேயோ இருக்கிறது என்று விளக்கினேன். “அவரு எப்ப வருவாரு?” என்றார். வரமாட்டார் என்று சொல்ல மனமில்லாமல், வாரை இளக்கித் தைத்துக் கொடுத்தேன். அப்போதும் அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

“உங் கையாலதான வாங்குனேன், வேற யாரப் போயி கேக்கறது?”

முதல் ரேங்க்

போன் மேப்பில் கடையைப் போட்டால் ஆள் வரும் என்றார்கள். போட்டேன். நல்லம்பள்ளி மாதையன் டிராக்டர் ஓட்டுகிறவர். அவர் கால் நீளத்துக்கு வேறெங்கும் செருப்பு கிடைக்காது. அந்த உரிமையில், கடைக்கு ஸ்டார் போடச் சொன்னேன். மனுஷன் தான் போட்டதோடு நிற்காமல், பெண்டாட்டி, மச்சான், மச்சான் வீட்டார் என்று அத்தனை பேரையும் போட வைத்துவிட்டார். எல்லோருமே ஒரு ஸ்டார். கீழே “தங்கமான கடை” என்று வேறு எழுதியிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. அடுத்த முறை வந்தபோது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர்தான் புண்பட்டுப் போனார்.

“உங்களுக்கு மொத ரேங்க் குடுத்தேங்க்கா, அஞ்சாவது ரேங்க் குடுக்க மனசு வருங்களா?”

எதிர்க்கடை ஆர்டர்

சரி, நாமும் ஆன்லைனில் விற்போம் என்று இறங்கினேன். முதல் ஆர்டர் வந்தது. போனைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பெயரைப் பார்த்தேன். முருகேசன், எதிர் டீக்கடைக்காரர். விலாசம், என் கடை. வாசலில் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்கும். ஆனாலும் ரூல் ரூல்தானே. பார்சல்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அது ஓசூர்வரை போய், சில நாள் கழித்து என்னிடமே திரும்பி வந்தது. முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். “நம்ம கடைச் செருப்புதாங்க இது, நேர்ல கேட்டிருக்கலாமே?” என்றேன். நெளிந்தார்.

“உங்ககிட்ட வெல கொறச்சுக் கேக்க கூச்சமா இருக்குங்க, போனுக்கு அது தெரியாது பாருங்க.”

கூட்டம்

நேற்று மாதேஷ் பதில் கேட்க வந்தார். காலி செய்துவிடலாம் என்று காலையில்தான் அழுது முடித்து, முகம் கழுவிவிட்டு வந்திருந்தேன். கடையில் நிற்க இடமில்லை. பார்சல் வாங்க நாலு பேர், பிரித்துப் பார்க்க நாலு பேர், இன்னொரு பக்கம் அதே டீச்சர் புது மாடலைப் போட்டு நடந்துகொண்டிருந்தார். இவர்களில் ஒருவரும் என்னிடம் எதையும் வாங்க வரவில்லை என்று எனக்குத் தெரியும். காலி செய்கிறேன் என்றேன். மாதேஷ் கடையை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இவ்ளோ கூட்டத்த வெச்சிக்கிட்டு காலி பண்றேன்னா யாருங்க நம்புவா, வாடகையக் கொஞ்சம் ஏத்திக் குடுத்துட்டு நீங்களே இருங்க.”

தை பிறப்பதற்குள், நான் செருப்பு விற்கிறவளா, கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவளைப் போல அடுத்தவர் செருப்புக்குக் காவல் இருக்கிறவளா என்று யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், அதற்கு என்ன வாடகை கொடுக்கலாம் என்று நானும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவேன்.