பதினான்கு வயதுப் பூனைக்கு ஒரு சி.டி. ஸ்கேன்

2003 வாக்கில் பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தேன். தலை ஸ்கேன் எடுப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, எங்கள் டாக்டரின் அனுமதியோடு ஒரு கால்நடை மருத்துவர் பூனையோடு வந்தார். கூடவே அதை வளர்ப்பவர். பேக்கரியில் வேலை செய்பவர். பூனைக்கு ஒன்றரை வருடமாகத் தும்மல், இடது மூக்கில் நாற்றத்தோடு சளி. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. எக்ஸ்ரேயிலும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"வாசனையே தெரியலம்மா அதுக்கு. மீன வெச்சாலும் துன்ன மாட்டேங்குது" என்றார் பேக்கரிக்காரர்.

இந்த வயதில் புற்றுநோய்க் கட்டியாகத்தான் இருக்கும் என்பது மருத்துவரின் கணிப்பு. கட்டிதான் என்றால், ஸ்கேனுக்காகக் கொடுக்கும் மயக்கத்திலேயே ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மயக்கம் கொடுத்ததும், பூனையின் தலை அசையாதபடி துணிச் சுருளால் அணைகொடுத்துப் படமெடுத்தேன். திரையில் இடது பக்கம் முழுக்க அடைப்பு. மருத்துவர் பெருமூச்சு விட்டார். கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்ற பேக்கரிக்காரர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. படம் எடுப்பதுதான் என் வேலை, கருத்துச் சொல்வது இல்லை. ஆனாலும் இதே மாதிரிப் படத்தை மனிதர்களிடம் பார்த்திருக்கிறேன். படங்களைத் திரும்ப ஓட்டினேன்.

"சார், இடது பக்கம் மேல் கோரைப்பல்லப் பாத்தீங்களா?"

"அந்தப் பல்லு எப்பவோ விழுந்துடுச்சே."

"வேர் உள்ளயே இருக்கு சார். அதச் சுத்திதான் எலும்பு கரைஞ்சிருக்கு. மத்த எலும்பெல்லாம் நல்லாதான் இருக்கு. இது கட்டி இல்ல, வேர்ல புடிச்ச சீழ்தான் மூக்குல ஏறியிருக்கும்னு தோணுது."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய், "இப்ப ஊசி வேணாம். வேர எடுத்துட்டு, சதைய டெஸ்டுக்கு அனுப்பிப் பாக்கலாம்" என்றார். பூனையைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் பேக்கரிக்காரர் செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

டெஸ்டில் புற்றுநோய் இல்லை. இரண்டு வாரம் கழித்து, தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் ஒரு பெட்டியோடு பேக்கரிக்காரர் வந்து, "மத்தி மீன முழுசா துன்னுச்சும்மா!" என்று சிரித்தார். அதன்பின் மூன்று வருடம் வாழ்ந்தது அந்தப் பூனை.

இன்றும், வருகிற சீட்டில் எந்த நோயின் பெயர் எழுதியிருந்தாலும், படத்தை முதலிலிருந்து என் கண்ணால் பார்க்கிறேன். சந்தேகம் வந்தால், எதிரில் நிற்பவர் யாரானாலும் கேட்டுவிடுகிறேன்.