பாய் காதால் பார்த்த வைத்தியம்

கம்பவுண்டர் வேலைன்னா மருந்து கலக்குற வேலைன்னு நினைக்காதீங்க; டாக்டரை நம்பாதவங்க எல்லாரும் நம்மகிட்ட வந்து சந்தேகம் தீர்த்துக்குற வேலை. மிக்சர் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, "போன தடவை இன்னும் செவப்பா இருந்துச்சே"ம்பான். மருந்து குடுக்குற ஜன்னலுக்கு உள்பக்கம் நின்னு அவஸ்தைப்பட்டவங்களுக்குச் சொல்லணுமா என்ன? நானும் லேசுப்பட்டவன் இல்ல, வர்ற ஆளையெல்லாம் சந்தேகப்படுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள்ல செஞ்சியில என்னையே மிஞ்சின ஆள் மல்லாட்டைத் தரகர் காதர் பாய்தான். உங்க ஊர் நிலக்கடலை எங்களுக்கு மல்லாட்டை. வயசு அவருக்கும் எனக்கும் ஒண்ணுதான்.

மூட்டைக்குள் கை

"வயித்துல சூடு, பார்லித் தண்ணி போதுமா?"ன்னு கேட்டுக்கிட்டே எங்க டிஸ்பென்சரிக்கு வந்தார் பாய். காத்திருந்த நேரத்துல அடிக்கடி பின்பக்கம் மூத்திரம் போயிட்டு வந்ததை நான் கவனிச்சுட்டேன். சூடாவது மண்ணாவது! டாக்டர் உறை மாட்டின விரலை விட்டுப் பார்த்தார். மூத்திரப் பைக்குக் கீழே இருக்குற ப்ராஸ்டேட் சுரப்பி வயசானா வீங்கும், பாதையை நெருக்கும்னு சொன்னார். தாங்க முடிஞ்சா பொறுத்துப் பார்க்கலாம். அடைச்சுக்கிட்டா ரப்பர் குழாய். ஒரேடியா தீரணும்னா பாண்டிச்சேரியில ஆபரேஷன், அதுலயும் இந்த வயசுக்கு ஆபத்து உண்டுன்னார்.

பாய் வெளியே வந்து என் காதுல சொன்னார்: "மூட்டையில கைய வுட்டுப் பார்க்குறவன் கொறை சொல்லாம இருப்பானா கம்பவுண்டரே? என் தொழிலே அதான்!"

நெருஞ்சிக் கஷாயம்

பாய் பொறுத்துப் பார்க்கத்தான் முடிவு பண்ணினார். சிங்கவரத்துல யாரோ சொன்னாங்கன்னு நெருஞ்சிக் கஷாயம் வேற. ராத்திரி எந்திரிக்காம நல்லா தூங்கறேன்னு என்கிட்ட வந்து பெருமை அடிச்சார். எனக்கு நம்பிக்கை இல்ல, முகம் ஊதியிருந்தது. கொஞ்ச நாள்ல மாட்டு வண்டியில படுக்க வச்சுக் கொண்டு வந்தாங்க. ஒரு சொட்டு இறங்கல, அடிவயிறு கல்லா இருக்குது, மனுஷன் அலறுறார். டாக்டர் குழாய் போட்டதும்தான் உயிர் வந்தது. இப்படியே விட்டா சிறுநீரகம் கெடும், ஆபரேஷனை யோசிங்கன்னு டாக்டர் கண்டிப்பா சொன்னார்.

பாய்க்குக் கவலை அது மட்டும் இல்ல. சொட்டுச் சொட்டா கசிஞ்சதுலயே, தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவிச் சுத்தம் பண்ற ஒளு நிக்கலைன்னு, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போறதை விட்டிருந்தார். இப்போ குழாயும், மூத்திரம் பிடிக்குற பாட்டிலும். எனக்கே மனசு கேக்கல. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார்: "நோயாளிக்கு மார்க்கம் எடம் குடுக்குதுன்னு பள்ளிவாசல் அசரத்து சொல்றாரு. என் மனசு குடுக்கலியே."

வைக்கோல் போருக்குப் பின்னால்

மேல்சித்தாமூர்ல சமண நயினார் ஒருத்தர் அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். விசாரிக்க என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார் பாய். "கொஞ்ச நாளு ரத்தம் வந்தது, வலிச்சது, இப்போ ஒண்ணுமில்ல"ன்னார் நயினார். மல்லாட்டை விக்கறவன் சொல்றதை எந்தத் தரகர் நம்புவார்? காயைக் காதோரம் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே பருப்பு கலகலன்னா காஞ்சது, சத்தம் இல்லேன்னா ஈரம்.

பாய் மோர் வாங்கிக் குடிச்சுக்கிட்டு, நயினாருக்கும் ஊத்திக் குடுத்துக்கிட்டு, நகராம உக்காந்திருந்தார். நயினார் ஒருவழியா கொல்லைப்பக்கம் எழுந்து போனதும், பாட்டிலைக் கைலிக்குள்ள மறைச்சுக்கிட்டு இவரும் கிளம்பிட்டார். அடப்பாவி மனுஷா! வைக்கோல் போருக்குப் பின்னால நின்னு, நயினார் மூத்திரம் போற சத்தத்தைக் காதைத் தீட்டிக் கேக்குறார். மானம் போச்சேன்னு நான் கையைப் பிசையறேன். திரும்பி வந்தவர் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்: "காய் நல்லா காஞ்சிருக்குது கம்பவுண்டரே! நாளைக்கே பாண்டி பஸ் ஏறுறேன்!"

வெள்ளிக்கிழமை

ஆபரேஷன் முடிஞ்சு, இளைச்சுப் போய்த்தான் வந்தார். உடம்பு தேறினதும் ஒரு வெள்ளிக்கிழமை தொப்பியோட நேரா டிஸ்பென்சரிக்கு வந்தார். "வரிசையில நின்னு தொழுதுட்டு வரேன்"னு சொல்லும்போதே அழுதுட்டார். நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இதோ வந்துட்டேன்னு பின்பக்கம் போனேன். திரும்பினா, கதவோரம் பாய் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறார்.

"இன்னா கம்பவுண்டரே, வுட்டு வுட்டு வருதே... எத்தினி நாளா?"

ஊரையே சந்தேகப்பட்ட நான் பாண்டி பஸ் எப்போன்னு அவர்கிட்டத்தான் கேட்டேன். ஆனாலும் கண்டக்டர்கிட்டயும் ஒரு தடவை கேட்டு வச்சேன்.