தீக்குச்சி செருகிய பட்டன்

என் மகன் கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு ஆடும்போது சமையலறையிலிருந்து மூன்று முறையாவது எட்டிப் பார்த்துவிடுகிறேன். பிடுங்கி வைத்தால் அவன் அழுகிறான். கொடுத்தால் நான் அழாத குறை. ஏழு வயதுப் பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்வான் என்று தெரியவில்லை. அவன் வயதில் நானும் சுட்டவள்தான் என்பதை மட்டும் இதுவரை அவனிடம் சொல்லவில்லை.

அப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒரு சிறிய கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு பக்கமும் உள்ள பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஷிப்டுக்கு இத்தனை என்று முடித்தாக வேண்டியவர்கள் ஒரு பட்டனில் குச்சியைச் செருகி, தகடு வைக்க ஒரு கையை மிச்சப்படுத்திக்கொள்வார்கள். சித்தப்பாவும் செருகினார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இதெல்லாம் பிற்பாடு நானே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குச் சொன்னது, "சித்தப்பாவ மெஷின் கடிச்சிருச்சு" என்பது மட்டும்தான்.

கட்டுப் பிரித்ததும் கையை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். கை சரியாக ஓடினால் மறுபடி எடுத்துக்கொள்வதாகக் கம்பெனியிலும் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா ஒரு பழைய வீடியோ கேம் வாங்கி வந்து டிவியில் மாட்டினார். காலையில் குளித்துவிட்டு, வேலைக்கு உட்காருவதுபோல அதன்முன் உட்காருவார். பள்ளி விட்டு வந்ததும் நானும் சேர்ந்துகொள்வேன். இரண்டு சிப்பாய்கள், யார் அதிகம் பேரைச் சுடுவது என்று போட்டி.

"பொட்டப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு தம்பி? நாளைக்கு யார் மண்டைய ஒடைக்கப் போவுதோ" என்பாள் அம்மா.

"ஒடைக்கட்டும் அண்ணி, வாத்தியார் மண்டையத்தான. பீஸ் கட்டறமில்ல?" என்பார் சித்தப்பா.

மூன்று விரல்களோடு தினமும் என்னைத் தோற்கடித்தார். கையில் பிடித்து ஆடும் ரிமோட்டில் சுடும் பட்டனை விடாமல் பிடித்தால் குண்டு நிற்காமல் பாயும். ஆனால் குதிப்பதற்கும் அதே கட்டைவிரல்தான். அதை எடுத்த கணத்தில் நான் செத்துப்போவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பட்டனை அமுக்கி, ஓரத்து இடுக்கில் தீக்குச்சியை ஒடித்துச் செருகினேன். பட்டன் மேலே வரவே இல்லை. முதன்முறையாக ஜெயித்தேன்.

"எப்படி கண்ணு?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார்.

ரிமோட்டை நீட்டிக் காட்டினேன். "இதுக்கு விரலே வேணாம் சித்தப்பா. குச்சி போதும்."

வாங்கிப் பார்த்தார். குச்சியைப் பிடுங்க முயன்றார், வரவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானேதான்."

"நான் யார்கிட்டயாவது பேசறப்ப கேட்டியா? என்னப் பாத்தா கத்துகின?"

"இல்ல, நானே கண்டுபுடிச்சேன்."

மறுபடியும் கேட்டார். என் சாமர்த்தியத்தை அவர் நம்பாதது எனக்குக் கோபமாக இருந்தது.

அன்று மாலையே வயரைச் சுருட்டி, கேமை யாருக்கோ கொடுத்துவிட்டார். துப்பாக்கி ஒழிந்ததென்று அம்மா நிம்மதியானாள். அவள் துப்பாக்கியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனிடம் இன்று நானும் அப்படித்தானோ என்னவோ. சித்தப்பா அதன்பிறகு கையைப் பழக்கவில்லை. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

நானோ வரிசை முழுக்கச் சொல்லித் திரிந்தேன், தோற்றுப்போனதால் கேமையே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று. மறுநாள் அவர் கடைக்குப் போகையில் பிள்ளைகள் எல்லாரும் "தோத்தாங்குளி, தோத்தாங்குளி" என்று கத்தினோம். என் குரல்தான் பெரிது. அவர் திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். தோற்ற வெட்கம் என்றே நினைத்தேன்.