செழிப்பாக நின்ற திருட்டுச் செடி

நாங்கள் குடியிருக்கும் பாக்கார் ஆராங்கில் பக்கத்து வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்காகப் பண்டார் பாரு போனபோது தன் பாலைவன ரோஜாவை என்னிடம் விட்டுப் போனார். காலமான கணவர் பசார் மாலாம் இரவுச் சந்தையில் விரல் தடிமனில் வாங்கிய செடி அது. இப்போது அடித்தண்டு பூசணி போலப் பருத்திருந்தது. வாரத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

“பால்மரத் தோட்டத்துல பொறந்தவன்கிட்ட சொல்றீங்களாக்கா? கவலப்படாம போங்கலா” என்றேன்.

பிப்ரவரி வெயில். இரண்டாம் வாரம் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. கோப்பை வாளியானது; காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. உரம் வேறு போட்டேன். வெயில் படாமல் குடையும் கட்டினேன். தனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் இப்படி ஓடவில்லை என்று மனைவி நினைவூட்டினாள். பத்தாம் நாள் தண்டை அமுக்கிப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானோ திகாம் பத்து செடிக்கடைக்குக் காரை விரட்டி, அதே பருமனில் ஒன்றை வாங்கி அதே தொட்டியில் நட்டு, பழையதைக் குப்பை லாரிக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா திரும்பி வந்தார். இலையும் பூவுமாகத் தளதளவென்று நின்ற செடியை, கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, இந்த வெயில்ல அது எலைய எல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். வளராது, பூக்காது. தண்டுல சேத்து வச்ச தண்ணிய வச்சே மழை வர்ற வரைக்கும் ஓட்டும். வருசா வருசம் அப்படித்தான். இது யாரு வீட்டுச் செடி?”

இதே மாதத்தில் நான் பிறந்த ரப்பர் தோட்டம் முழுக்கப் பால்மரங்கள் மொட்டையாக நிற்கும். அந்தச் சருகில் சறுக்கி விளையாடியவன் நான். மரம் செத்துவிட்டதென்று என் அம்மா எந்த வருடமும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. இலை இருந்தால் உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும் என்று மரம் தானே உதறிவிடுகிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றியிருக்கிறேன்.

அழுகிவிட்டது என்று ஒப்புக்கொண்டேன். கிளைகளுமா என்று கேட்டார்.

“இல்லக்கா. மேல கெட்டியாத்தான் இருந்துச்சு.”

“ஒரு கிளைய ஒடிச்சு நட்டு வச்சிருந்தாகூட வந்திருக்குமே, தம்பி.”

திட்டியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். அவர், கணவர் அந்தச் செடியை நட்ட தொட்டியை மட்டும் கேட்டார். புதுச் செடியை வேரோடு எடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.