வலப்பக்கத்து ஸ்டிக்கர்கள்

வடகரப்பதியில் எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. சிவப்பு வண்டி. அதன் வலப்பக்கத்தில் நான்கு ஸ்டிக்கர்கள்: பெட்ரோல் டேங்கில் இறக்கை விரித்த கழுகு, அதற்குக் கீழே ‘இறைவன் துணை’, பக்கவாட்டு மூடியில் பாயும் குதிரை, ஹெட்லைட் ஓரத்தில் ஏதோ டயர் கம்பெனியின் வட்டம். இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்பது வயதிலேயே நான் பாடப் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்குகிறவள். அந்த வண்டியைக் காணும்போதெல்லாம் பித்தான் மாற்றிப் போட்ட சட்டையைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஒட்டியவர் அப்பா. கட்டம் போட்ட சட்டைகூட அணியாத மனிதர், ஒரு ஞாயிறு மாலை வேலந்தாவளத்தில் அவற்றை வாங்கி வந்து, வீட்டுக்குள் நுழையும் முன்பே ஒட்டி முடித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, அழகுக்கு என்றார்.

காரணம் வேறு. அம்மாவுக்குப் பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ் வருவதோ ஏழு மணிக்கு. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்போம். மகன் கொண்டுபோய் விடுவதானால் மருமகள் வேலைக்குப் போகட்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மில்லில் அப்பாவுக்குக் காலை ஷிப்ட் விழும் வாரங்களில் அது நடக்காது. அதனால் ஞாயிறுதோறும் அப்பாவும் அம்மாவும் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வறண்டு கிடந்த குட்டைக்குள் வண்டியை இறக்கினார்கள்; அங்கே அம்மா ஓட்டப் பழகினார். இரண்டாவது ஞாயிறு வண்டி கரைக் கல்லில் உரசி வலப்பக்கமாகச் சாய்ந்தது. அப்பாருவுக்குத் தெரிந்தால் வேலை அதோடு போயிற்று. ஆகவே கீறல்களின் மேல் கழுகும் குதிரையும் வந்து உட்கார்ந்தன. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா வேலையில் சேரவேண்டிய திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை. இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருந்தார். நான் ஸ்டிக்கர்களை உரிக்கத் தொடங்கினேன்.

நகம் வைக்கக் கூடாது, வெயிலில் சூடேறவிட்டு ஓரத்தில் எண்ணெய் விட வேண்டும் என்று சைக்கிள் கடைக்காரர் யாரிடமோ சொல்லக் கேட்டிருந்தேன். பங்குனி வெயில் பாதி வேலையைச் செய்துவிட்டது. தேங்காயெண்ணெயைத் தடவிக் காத்திருந்து, கட்டைவிரலால் மெல்லத் தள்ளினேன். குதிரை வால் பிய்யாமல் முழுசாக வந்தது. ‘இறைவன் துணை’ மட்டும் எழுத்தெழுத்தாகத்தான் வந்தது. எல்லாம் போன பிறகு, பலாப்பழம் அறுத்த கத்தி மாதிரி டேங்க் பிசுபிசுத்தது. புங்கமர நிழல் வண்டிமேல் விழும்வரை பொறுத்திருந்து, பழைய பனியனில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

பிசின் போகப் போக மூன்று நீளக் கீறல்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு நெளிவு. மண்ணெண்ணெய் பெயிண்டைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். பயத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். கீறல்கள் இன்னும் தெளிவாயின. வேறு வழி தெரியாமல், தொழுவத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்த அப்பாருவிடம் போய், வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன்.

அவர் வந்து குந்தி உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீறல்மேல் விரலை ஓட்டினார்.

“அழுகாத அம்மிணி. இது நீ செஞ்சதில்ல. துருப் புடிச்சிருக்குது பாரு.”

அப்போதுதான் புல்லுக்கட்டோடு உள்ளே வந்த அம்மா, கட்டைக் கீழே போட்டார்.

“நாந்தானுங்க மாமா. குட்டைக்குள்ள ஓட்டிப் பழகறப்பக் கீழ போட்டுட்டனுங்க.”

என்னைக் காப்பாற்ற அம்மா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அழுகை அதிகமாயிற்று.

அப்பாரு வண்டியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. எத்தனை தடவை விழுந்தது என்று கேட்டார். ஒரு தடவைதான் என்றார் அம்மா.

“அதுக்கப்பறம்?”

“போன வாரம் வேலந்தாவளம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய்ட்டு வந்தனுங்க.”

“அவனப் பின்னால உக்கார வெச்சா?”

“ஆமாங்க.”

“அந்த மூட்டைய வெச்சு ஓட்டீட்டியா?” என்றார் அப்பாரு.

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அம்மா புல்லைப் பிரிக்காமல் அப்படியே நின்றார். மூன்று மணி நேரம் கழித்து அப்பாரு திரும்பியபோது, கையில் காகிதச் சுருள் ஒன்று இருந்தது. கழுகு இரண்டு, குதிரை இரண்டு, வட்டம் இரண்டு. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த அப்பாவிடம் ஒன்றை நீட்டினார்.

“ஒரு பக்கம் மட்டும் ஒட்டுனா எவனும் தொட்டுப் பாப்பான்டா. இதுகூடத் தெரியல, நீயெல்லாம் பொய் சொல்லக் கெளம்பீட்ட.”

நான் ஓரங்களைப் பிடித்துக்கொள்ள, அப்பாரு துண்டால் நீவி நீவி ஒட்டினார். கடைசியில் ஒரு பெரிய மனிதருக்காவது ஒழுங்கு புரிந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பா காலை ஷிப்டுக்கு மில் வேனில் முன்னமே போய்விட்டார். ஐந்து மணிக்கு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிக்கரை மிதித்தார். இரண்டாவது மிதியில் வண்டி கிளம்பியது. அது பால் சங்கத்துச் சாலையில் திரும்பிய பிறகும், சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகும்கூட, அப்பாரு வாசலைவிட்டு நகரவில்லை. புதிதாக ஒட்டியது காற்றில் பிய்ந்துவிடுமோ என்று கவலைப்படுகிறார் என நினைத்தேன்.

“நல்லாத்தான் ஒட்டீருக்கறோம், பிய்யாதுங்க அப்பாரு” என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன்.