பீச்சாம்பு

வலியசாலை அக்ரஹாரத்தில் போய்ச் சாம்பசிவன் என்று கேட்டால் எந்தச் சாம்பசிவன் என்பார்கள். பீச்சாம்பு என்றால் போதும், பால்காரன்கூட வீட்டைக் காட்டிவிடுவான். அந்தப் பேர் காதில் விழுந்தால் பெண்டாட்டி விஜயம் கதவைப் படாரென்று சாத்திக்கொள்வாள். அவர் மட்டும் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்பட அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அது அவருக்கே தெரியும்.

அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது மகாராஜா பட்டமேற்ற மறு வருஷம். சாம்பசிவன் ஒரு மருத்துவப் பள்ளிக்கூடத்தில் கம்பவுண்டர். அந்தப் பள்ளிக்கூடத்து டாக்டரும் மாணவர்களும் மலையோர ஊர்களுக்குப் போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துவந்தார்கள். போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பியபோது அவரையும் கூட்டிப்போனார்கள். டாக்டருக்கு மலையாளம்தான் வரும், தோட்டத்து ஜனங்களோ தமிழர்கள்.

அவர் எடுத்துச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கொரு தகர டப்பி கொடுப்பார்கள், மறுநாள் காலையில் அதில் மலம் கொண்டுவர வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துப் புழுவின் முட்டை தெரிந்தால்தான் மருந்து. எதிரே பெண்கள் நிறைந்த கூட்டம். அக்ரஹாரத்து நாக்கு அந்தச் சொல்லை எப்படி உருட்டும்? வீட்டில் சொல்கிற மாதிரி நாசூக்காகச் சொல்லிவைத்தார்.

"நாளைக்குக் காலம்பற கொல்லைக்குப் போறச்சே, இதுலே கொஞ்சம் எடுத்துண்டு வாங்கோ."

முன்வரிசையில் கொழுந்து பறிக்கிற எலிசாள் நின்றாள். பக்கத்தில் அவள் மகள் ரோஸ், கால் வீங்கி, முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, சுவரைப் பிடித்தபடி. மகளுக்கும் சேர்த்துக் கொண்டுவரணுமா என்று எலிசாள் கேட்டாள். ஆமாம், அவளுக்குத்தான் முக்கியம் என்றார் இவர்.

மறுநாள் டப்பிகள் வந்தன. திறந்தால் ஒன்றில் பச்சைமிளகாய், ஒன்றில் அவரைக்காய். எலிசாள் கொடுத்த இரண்டிலும் பிஞ்சுக் கத்தரிக்காய், துணியால் துடைத்துப் பளபளவென்று. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த அந்த ஜனங்களுக்குக் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காய்கறிப் பாத்தி. மற்றதற்கு அவர்கள் வெளிக்குப் போவது என்பார்கள். டாக்டர் ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்று நினைத்து, இருப்பதில் நல்லதாகப் பறித்து வந்திருந்தார்கள்.

மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறாது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் எரிந்துவிழுந்தார். மிளகாயைக் கண்டபோதே சாம்பசிவனுக்குப் புரிந்துவிட்டது, பிசகு தன்னுடையது என்று. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டர் இன்னொரு நாள் தங்கியிருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு தன் பக்கம் திரும்புமே! பாவி மனுஷன், வாயை மூடிக்கொண்டு நின்றார்.

எலிசாள்தான் டாக்டரைக் கும்பிட்டாள். "எங்களுக்குத்தான் வெளங்கலைய்யா. கோவிச்சுக்கிடாதிய."

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, மலைப்பாதை இடிந்தது. மறுபடி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரோஸைப் புதைத்து மண் காய்ந்திருந்தது.

அன்று சாம்பசிவன் லயத்து நடுவில் நின்று, காலையில் போகிற பீயைக் கொண்டுவாருங்கள், பீ, பீ என்று தொண்டை கிழியக் கத்தினார். அதற்குப்பின் போன ஊரெல்லாம் அப்படித்தான். மாணவர்கள் அங்கேயே வைத்த பீச்சாம்பு என்ற பேர் கிழக்கேகோட்டைக் கடைத்தெரு வழியாக வலியசாலைக்கும் வந்துசேர்ந்தது.

எலிசாள் அன்றைக்கும் டப்பியை வாங்கிக்கொண்டாள். திட்டவில்லை.

"இம்புட்டுதானா சாமி?" என்றாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."