குடிச்சாத்தான் மருந்து

குதிக்காலில் முதலில் நாலைந்து சுற்று, பிறகு உள்ளங்கால் வளைவில் மேலும் கீழுமாக ஏழெட்டு இழுப்பு. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து, வலது காலை இடது தொடையில் தூக்கிப் போட்டு மரியதாசன் ஜெல் பூசும் நேரம் காலை ஏழேகால். அளவென்று ஒன்று கிடையாது. "வலி போதும் எண்டு சொல்லுமட்டும் பூசணும்" என்பது அவருடைய கொள்கை. பூசி முடிந்ததும், மிஞ்சிய கறியை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பாதத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவார். அதற்குமேல் கம்பளிக் காலுறை. உள்ளே போன சாமான் வெளியே ஓடிவிடக் கூடாதாம். கையில் ஒட்டியிருப்பதைக் கழுவமாட்டார். நல்ல பொருளைத் தண்ணீரில் விடுகிற ஆள் அவர் இல்லை. இரண்டு கைகளையும் சூடு பறக்கத் தேய்த்து, மிச்சத்தைத் தோலுக்கே கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

வெளியே கத்தரின் நெற்றியை ஏந்திக்கொண்டு நிற்பாள். ஆறு வயது, ஒரே மகள். மரியதாசனின் நாற்பத்தெட்டாவது வயதில் பிறந்தவள். அவர் வலது கட்டைவிரலால் அவள் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் அழுத்தி இழுப்பார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. ஆமென். வா புள்ள, போவம்." இந்தச் சிலுவை இல்லாமல் அந்த வீட்டில் யாரும் படியிறங்குவதில்லை. மனைவி றோஸ்மேரி அதிகாலை ஐந்து மணிக்கே பேக்கரி வேலைக்குப் போய்விடுவதால் தனக்குத் தானே போட்டுக்கொள்வாள். குளியலறையில் நடக்கும் காரியம் அவளுக்குத் தெரியாமல் இருந்ததற்கும் அந்த ஐந்து மணிதான் காரணம்.

மரியதாசன் கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால், வீதி மூலையில் பிள்ளைகளை வீதி கடக்க வைக்கும் கடவைக் காவலர். காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று வேளை நிற்க வேண்டும். மஞ்சள் மேலங்கி, தடித்த கையுறை, கையில் வட்டச் சிவப்புப் பலகை. பிரெஞ்சில் அவருக்கு நாற்பது சொல் தெரியும்; அதில் முக்கால்வாசி கட்டளைகள். 'பொறு' என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல் தமிழ்க் காதில் 'அத்தான்' என்று விழும். இவர் வாயிலிருந்து அது அசல் அத்தானாகவே வெளிவரும். பந்தை விரட்டிக்கொண்டு வீதிக்கு ஓடும் ஹெயிற்றிப் பையனைப் பார்த்து, "அத்தான்! அத்தான்!" என்று இவர் கத்துவதைக் கேட்டால் இவரைப் போன்ற மட்டக்களப்பார் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியாது. "இத்தின அத்தான்மாருக்கும் எங்க போய்ச் சீதனம் குடுக்கிற?" என்பாள் றோஸ்மேரி.

அந்த மூலைக்கு வருமுன் பதினொரு வருடம் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினார். அங்கே அவருக்குப் பெயர் இருக்கவில்லை. "ஏய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். இங்கே நூற்றுநாற்பது பிள்ளைகள் தினமும் மூன்று தரம் "பொன்ஜூர், மிஸ்யே மரியா" என்கிறார்கள். பனிக்காலத்தில் ஒருநாள் காய்ச்சலென்று அவர் வராமல் விட்டதற்கு ஒரு சிறுமி கண் கலங்கியிருக்கிறாள். இதை மரியதாசன் குறைந்தது இருபது பேரிடமாவது சொல்லியிருப்பார்.

வலி வந்தது 2009 பெப்ரவரியில். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணியின்மேல் வைத்தது போல இருந்தது. நடக்க நடக்கக் கொஞ்சம் தணியும். அரைமணி நேரம் நின்றால் மறுபடி ஏறும். அவர் யாருக்கும் மூச்சு விடவில்லை. டொக்டரிடம் போனால் ஒரு கடிதம் வரும், கடிதம் மேற்பார்வையாளரிடம் போகும், பிறகு அந்த மூலை வேலையே போய்விடும் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டார். "கால் ஏலாதவன றோட்டில வெச்சு என்ன செய்ற எண்டு கேப்பாங்க." அப்படி யாரும் கேட்டதில்லை. நொண்டுவதை மறைக்கக் குளிருக்குக் காலை உதறுவது போல உதறினார். ஏப்ரல் போய் மே வந்து, பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிந்த போதும் அவர் குளிருக்கு உதறிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

ஜெல் கொழும்பிலிருந்து வந்தது. மச்சான் பேரின்பநாதன் அங்கே போய் வந்தபோது நாலு டியூப் கொண்டுவந்தார். பெட்டியில் கருவாட்டுக்கும் மாசிக்கும் இடம் வேண்டியிருந்ததால் டியூப்களின் அட்டைகளையும், உள்ளே மடித்திருந்த தாள்களையும் அங்கேயே எறிந்துவிட்டு வந்திருந்தார். "பூசு மச்சான், வலி பஞ்சாப் பறந்திரும்" என்பதுதான் கூட வந்த ஒரே குறிப்பு. மரியதாசனும் கவலைப்படவில்லை. விழுங்கும் குளிசை, குடிக்கும் பாணி, ஊசி இவைதான் அவருக்கு மருந்து. "குடிச்சாத்தானே மருந்து? பூசினா வெறும் பூச்சு" என்பார். அந்தத் தைரியத்தில் கடையில் வாங்கிய வலிக் குளிசையும் தினம் இரண்டு கூடவே போட்டார்.

மே மாதம் இரண்டாவது கிழமை கத்தரினின் நெற்றி சிவந்தது. அதுவரை புருவம் வரைக்கும் இறங்கியிருந்த கம்பளித் தொப்பி அலுமாரிக்குள் போய்விட்டிருந்தது. பள்ளி முற்றத்தில் நல்ல வெயில். முதலில் நுளம்புக் கடி என்றாள் றோஸ்மேரி. மூன்றாம் நாள் சிவப்பு தடித்து ஒழுங்குக்கு வந்தது. மேலிருந்து கீழாக ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது அதை முதலில் கண்டவர் செபக்கூட்டம் நடத்தும் யோசெப் அண்ணன். திருகோணமலைக்காரர், எழுபது வயது. மாதாவின் பெயரைச் சொன்னாலே குரல் தழுதழுக்கும். பிள்ளையின் நாடியைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். "புதுமை" என்றார். வேதக்காரர் தமிழில் புதுமை என்றால் புதிய பொருள் அல்ல, அற்புதம். சுற்றி நின்ற பெண்கள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார்கள்.

"கடிக்குது எண்டு சொறிஞ்சு சொறிஞ்சு அழுகிறாள் அண்ணன். டொக்டரிட்டக் காட்டுவமா?" என்று றோஸ்மேரி கேட்டாள்.

"மாதா தந்ததுக்கு டொக்டர் எதுக்குத் தங்கச்சி? வெள்ளிக்கிழமை உங்கட வீட்டில செபமாலை சொல்லுவம். பேந்து பாப்பம்."

உண்மையைச் சொன்னால், மரியதாசனுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அது அவர் கையால் போட்ட சிலுவை அல்லவா? திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு காலையும் ஜெல் காயாத அதே கட்டைவிரலால், அதே கோட்டின்மேல், முன்னைவிடப் பக்தியாக அழுத்தி இழுத்தார். வியாழக்கிழமை கத்தரின் நெற்றியைச் சொறிந்த கையால் கண்ணைக் கசக்கினாள். பின்னேரம் வலது இமை வீங்கிக் கண் பாதி மூடிவிட்டது. றோஸ்மேரி அன்றிரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையோடு நாலாவது டியூபும் தீர்ந்தது. மதிய வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் மரியதாசன் அந்த வெறும் டியூபை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். இதேபோல ஒன்று வேண்டும் என்று சைகை காட்டினார். மருந்தாளர் ஓர் இளம் ஹெயிற்றிப் பெண். டியூபின் முதுகில் இருந்த பொடி எழுத்துகளைக் கண்ணுக்கருகில் பிடித்து வாசித்தாள். தான் இதை விற்பதில்லை என்றாள். பிறகு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போன்ற பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எவ்வளவு பூசுகிறீர்கள்? அவர் கைவிரல் நீளத்தைக் காட்டினார். மூடிக் கட்டுவீர்களா? பிளாஸ்டிக் சுற்றுவதைப் பெருமையோடு நடித்துக் காட்டினார். வேறு வலிக் குளிசை? இரண்டு விரலைக் காட்டினார்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கட்டி மூடினால் அளவுக்கு மிஞ்சி உடம்புக்குள் போகும் என்றாள். குளிசையும் ஜெல்லும் ஒரே குடும்பம், இரண்டும் சேர்ந்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்றாள். பிறகு டியூபில் ஒரு வரியைத் தொட்டு, சன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டினாள். இது பட்ட தோலில் வெயில் படக் கூடாது; பட்டால் வெந்து போகும்.

மரியதாசன் சிரித்தார். "என்ட கால் வெயிலக் கண்டு ஆறு மாசம்" என்று தமிழிலேயே சொல்லிச் சப்பாத்தைக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. அவருடைய கையைக் காட்டினாள். பூசிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறீர்களா? கழுவாவிட்டால் அந்தக் கை படுகிற இடமெல்லாம் மருந்து போகும்.

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். கடையின் வெளிச்சமும் அவள் பேசுவதும் எங்கேயோ தூரத்தில் இருந்தன. மகளை ஆசீர்வதிப்பதாக நினைத்து இரண்டு கிழமையாக அவளைச் சுட்டிருக்கிறார். "பிள்ளை" என்று தொடங்கி, பிரெஞ்சுச் சொல் வராமல், விரலைத் தன் நெற்றியில் வைத்துக் கோடு இழுத்து, கண்ணைப் பொத்திக் காட்டினார். மருந்தாளருக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கே டொக்டர், நாளைக்கு அல்ல என்று இரண்டு தரம் சொன்னாள்.

பின்னேரம் மூலையில் நின்றபோது அவர் ஒருதரமும் காலை உதறவில்லை. கத்தரின் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வீதியைக் கடந்து அவரிடம் வந்தாள். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனால் அங்கே ஜனம் நிறைந்திருந்தது. ஆயித்தியமலை மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி, பூ, பன்னிரண்டு பேர். படத்துக்குக் கீழே பிள்ளை உட்காரப் பட்டு விரித்த ஒரு கதிரையும் போட்டிருந்தார்கள். யோசெப் அண்ணன் செபமாலையைத் தொடங்க வாய் திறந்தார்.

மரியதாசன் அந்தக் கதிரையில் தான் உட்கார்ந்தார். எல்லோரும் பார்க்கச் சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். ஊறி வெளிறிய பாதம் வெளியே வந்தது.

"இது புதுமை இல்ல அண்ணன். மாதாட வேலையும் இல்ல. என்ட குதிக்காலுட வேலை."

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. றோஸ்மேரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மூணு மாசமா எனக்கும் ஒளிச்சீங்களா?"

"மூல போயிரும் எண்டு பயந்துட்டன் புள்ள."

"மூல போனா வேற மூல. இவள்ட கண் போனா?" என்று சொல்லி அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

யோசெப் அண்ணனின் முகம் காற்றுப்போன பலூனாக இருந்தது. ஆனாலும் மனிதர் நல்லவர். செபமாலையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு தன் வான் வண்டிச் சாவியை எடுத்தார். வெறுங்காலோடு மரியதாசன் முன்சீட்டில் ஏற, நாலு பேரும் கிளினிக்குக்குப் போனார்கள். மூன்றாவது சிவப்பு விளக்கில் யோசெப் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அந்த ஜெல் முழங்காலுக்கும் கேக்குமா தம்பி? முழந்தாளில நிண்டு நிண்டு எனக்கும் ஏலாது."

பின்சீட்டில் றோஸ்மேரி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

கண்ணுக்குள் எதுவும் போகவில்லை என்று டொக்டர் சொன்னார். இமைக்கும் நெற்றிக்கும் ஒரு களிம்பு, கோடை முழுக்க அகல விளிம்புத் தொப்பி. அப்படியே மரியதாசனின் காலையும் அமுக்கிப் பார்த்தார். சப்பாத்துக்குள் வைக்க மெத்தை, படிக்கட்டில் நின்று குதிக்காலைத் தாழ்த்தி நீட்டும் பயிற்சி, இரண்டு கிழமை ஓய்வு. பூசத்தான் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் கேட்டு, சொன்ன அளவு, சொன்ன நாள், கட்டு இல்லாமல், குளிசை இல்லாமல். திங்கட்கிழமை மரியதாசன் டொக்டர் தந்த கடிதத்தோடு மேற்பார்வையாளரிடம் தானே போனார். அந்த அம்மா கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு, இரண்டு கிழமையும் யாரை அந்த மூலையில் நிறுத்துவது என்று மட்டும்தான் கவலைப்பட்டார். மூன்று மாதம் தூக்கம் கெட்டுச் சுமந்த பயம் மூன்று நிமிடத்தில் முடிந்ததில் மரியதாசனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

இரண்டு கிழமையும் வீட்டில் சிலுவை போட ஆளில்லை. கதவருகே வந்ததும் அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பிள்ளை நெற்றியை ஏந்திப் பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்குவாள். தாங்க முடியாமல் இருந்தது என்று பிறகு றோஸ்மேரியிடம் சொல்லியிருக்கிறார்.

வேலைக்குத் திரும்பிய காலையில் மரியதாசன் நேரத்தோடே எழுந்தார். படிக்கட்டில் பயிற்சி செய்தார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஜெல்லில் பட்டாணி அளவு பூசினார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை ஒருதரம், திரும்ப ஒருதரம் கழுவினார். கதவைத் திறந்தால் கத்தரின் நின்றாள். நெற்றியில் சிவப்பு இல்லை. உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு பழுப்பு நிழல். அவர் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார்.

"மோந்த்ர்" என்றாள் மகள். காட்டு என்று அர்த்தம்.

அவருக்கு அது, மோந்து பார் என்று கேட்டது. கட்டைவிரலை மூக்கில் வைத்து இழுத்து முகர்ந்தார். வெறும் சவர்க்கார வாசம்தான். ஆனாலும் நம்பிக்கை வராமல் அந்த விரலை அவள் மூக்குக்கும் நீட்டினார். கத்தரின் பரிசோதகர் போல மூச்சை இழுத்து, ஒருதரம் யோசித்து, இரண்டு கையாலும் அந்த விரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள்.